கவிதை பாதிதான் புரிகிறது, ஆனால் ஆறுதலாக இருக்கிறது: இது சரியான வாசிப்பா?

அந்திவெளிச்சம்

எட்டு மாதங்களுக்கு முன் அப்பா இறந்துபோனார். அதற்குப் பிறகு நாவலோ கட்டுரையோ எடுத்தால் நாலு பக்கம் தாண்ட முடியவில்லை. கண் வரிகளின் மேல் ஓடுகிறது, மனம் எங்கோ நிற்கிறது. கவிதை மட்டும் முடிகிறது. இப்போது எழுதிக்கொண்டிருப்பவர்களின் சின்னக் கவிதைகள், எட்டு வரி, பத்து வரி. படுக்கும் முன் இரண்டு படித்தால் நெஞ்சில் இருக்கும் இறுக்கம் கொஞ்சம் தளர்கிறது.

ஆனால் படிப்பதில் பாதி எனக்குப் புரிவதில்லை. ஒரு வரி பிடித்துப்போகும், ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தோழி ஒருத்தியிடம் இதைச் சொன்னேன். "அப்படியானால் நீ கவிதையைப் படிக்கவில்லை, அதில் உன் முகத்தைப் பார்த்துக்கொள்கிறாய்" என்றாள். அவள் நல்ல வாசகி, குத்திக்காட்டச் சொல்பவள் இல்லை. அதனால்தான் அந்த வார்த்தை உள்ளே தங்கிவிட்டது.

ஆறுதலுக்காகப் படிப்பது குறைந்த வாசிப்பா? பொருள் பிடிபடாமல் ஒரு கவிதையோடு இருப்பதில் தவறு உண்டா? நீங்கள் எப்படிப் படிக்கிறீர்கள்?

கல்லும் சொல்லும்

உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். உங்கள் தோழி சொன்னதில் ஓர் உண்மை இருக்கிறது என்று நினைப்பதால் அதைப் பூசி மெழுகாமல் எழுதுகிறேன்.

ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற ஆங்கில இலக்கிய விமர்சகர் கேம்பிரிட்ஜில் மாணவர்களிடம் கவிதைகளைக் கொடுத்துக் கருத்து எழுதச் சொன்னார். கவிஞர் பெயர் இருக்காது. வந்த பதில்களை ஆராய்ந்து 1929-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். நன்றாகப் படித்த மாணவர்களே எங்கெங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று அதில் பட்டியலிடுகிறார். அவற்றுள் ஒன்று சொந்த நினைவின் குறுக்கீடு. கவிதையில் மழை வந்தால் படிப்பவர் தன் வாழ்வின் ஏதோ ஒரு மழைக்குப் போய்விடுவார், அங்கிருந்து திரும்பி வரவே மாட்டார். அதன் பிறகு அவர் பேசுவதெல்லாம் அந்த மழையைப் பற்றித்தான்.

துக்கத்தில் இருக்கும்போது இது இன்னும் எளிதாக நடக்கும். எந்தக் கவிதையும் நம் துக்கத்தைப் பேசுவதாகவே தோன்றும். ஆறுதல் கிடைத்தால் நல்லது, வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் அது அந்தக் கவிதை தந்ததுதானா என்று ஒரு தடவையாவது கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

தூரிகை

அக்கா, எனக்கும் இப்படித்தான். கவிதை படிக்க ஆரம்பித்தே ஒரு வருடம்தான் ஆகிறது. புரியாவிட்டால் அடுத்த பக்கம் போய்விடுவேன். சில கவிதைகள் மட்டும் இரண்டு நாள் கழித்து, வேறு ஏதோ வேலையாக இருக்கும்போது, தானாக நினைவுக்கு வரும். அப்போதும் புரிந்திருக்காது. ஆனால் அது என்னோடு இருப்பதுபோல இருக்கும்.

பழைய பக்கம்

நான் முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன். இந்தக் கேள்விக்கு நம் பழைய பாட்டிலேயே ஒரு வழி இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

சங்க அகப்பாடல்களின் கீழே ஒரு சிறு உரைநடைக் குறிப்பு இருக்கும். இன்னார் இன்னாருக்கு இந்தச் சூழலில் சொன்னது என்று. துறை என்றும் கூற்று என்றும் சொல்வோம். அது புலவர் எழுதியது அன்று, பாடல்களைத் தொகுத்தவர்களோ பின்வந்தவர்களோ சேர்த்தது. அதாவது, அது ஒரு வாசகரின் குறிப்பு. "நான் இதை இப்படிக் கேட்டேன்" என்று முந்தைய வாசகர் ஒருவர் நமக்கு எழுதிவைத்துவிட்டுப் போன வரி.

அது இருப்பதால் நமக்கு ஒரு படி கிடைக்கிறது. யார் பேசுகிறார், யாரிடம், எப்போது என்று தெரிந்துவிட்டால் பாதி வாசல் திறந்த மாதிரி. இன்றைய கவிதைக்கு அந்தப் படி கிடையாது. கவிஞர் நம்மை நேராக நடுவீட்டில் இறக்கிவிடுகிறார். திகைப்பு வருவது அதனால்தான், உங்கள் அறிவுக் குறைவால் அன்று.

எனவே நான் செய்வது இது. பிடித்த கவிதையை ஒரு தாளில் எழுதிக்கொள்வேன். அதன் கீழே அதற்கு ஒரு துறைக்குறிப்பு நானே எழுதுவேன். ஒரு வரிதான். "பிரிந்து போன நண்பனிடம், அவன் கேட்கமாட்டான் என்று தெரிந்தே ஒருவன் சொன்னது" என்பதுபோல. எழுத முயன்றால்தான் கவிதையின் சொற்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்போம். பேசுபவர் ஆணா பெண்ணா, சொல்லப்பட்டிருக்கிறதா, மறைக்கப்பட்டிருக்கிறதா? காலம் இறந்தகாலமா நிகழ்காலமா? ஓரிடத்தில் மாறுகிறதா? நண்பர் கல்லும் சொல்லும் கேட்கிற சோதனையும் அதிலேயே நடந்துவிடும்.

நேர்கோடு

எனக்கு ஒரு சந்தேகம். துக்கம் என்றால் துக்கம் என்று நேராகச் சொன்னால் என்ன? எதற்கு இத்தனை சுற்று?

பழைய பக்கம்

நேர்கோடு, நல்ல கேள்வி. குறுந்தொகையின் 41ஆம் பாடலைப் பாருங்கள். தலைவன் பிரிந்த பின் தலைவி தோழியிடம் பேசுகிறாள். அவர் அருகில் இருந்தபோது விழாக் கொண்ட ஊர்போல மகிழ்ந்திருந்தேன் என்கிறாள். இப்போது எப்படி இருக்கிறாளாம்? "மக்கள் போகிய அணிலாடு முன்றில் புலப்பில் போல." ஆட்கள் விட்டுப்போன வீடு. அதன் முற்றத்தில் அணில் விளையாடுகிறது.

"நான் தனியாக இருக்கிறேன்" என்று அவள் சொல்லியிருந்தால் நாம் ஐயோ பாவம் என்போம், அவ்வளவுதான். அந்த அணிலைப் பாருங்கள். மனித நடமாட்டம் இருந்தால் அணில் அப்படி நடு முற்றத்தில் ஆடாது. வீடு எவ்வளவு காலமாக வெறிச்சோடிக் கிடக்கிறது என்பதை அந்தச் சிறு உயிரின் பயமின்மை சொல்லிவிடுகிறது. அதே சமயம் அங்கே ஓர் உயிர் துள்ளிக்கொண்டும் இருக்கிறது. இரண்டையும் நேர்வரியில் சொல்ல முடியுமா என்று எழுதிப் பாருங்கள்.

இந்தப் புலவரின் இயற்பெயர் யாருக்கும் தெரியாது. அந்தத் தொடரையே பெயராக வைத்து அணிலாடு முன்றிலார் என்கிறோம். முந்தின பாட்டைப் பாடியவருக்கும் அதே கதைதான், செம்புலப் பெயனீரார். ஆள் போய்விட்டார், ஒரு படிமம் அவர் பெயராக நிற்கிறது.

அந்திவெளிச்சம்

ஐயா, அணில் பற்றி நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். அப்பா இறந்த பிறகு எத்தனையோ பேர் "காலம் எல்லாவற்றையும் ஆற்றும்" என்றார்கள். அன்போடுதான் சொன்னார்கள். ஆனால் அந்தச் சொல் என்னை இன்னும் தனியாக்கியது, நான் இருக்கும் இடத்தைப் பார்க்காமலே தாண்டிப் போகச் சொல்வதுபோல. அணிலாடும் முற்றம் என்று ஒருவர் சொல்லும்போது, ஆமாம், இங்கேதான் நான் இருக்கிறேன் என்று தோன்றுகிறது. எனக்கு முன்பே ஒருவர் இங்கே நின்றிருக்கிறார். எனக்குக் கிடைக்கிற ஆறுதல் இந்த வகைதான் என்று இப்போது புரிகிறது.

துறைக்குறிப்பு எழுதிப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

இரவுப்பணி

நோயாளிகளை இரவில் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. பணிக்கு நடுவே சின்னதாக ஏதாவது எழுதுவேன், எங்கும் வெளியிட்டதில்லை. ஐயா சொன்ன முறையை இதில் செய்து பார்ப்பீர்களா? எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டும். தலைப்பு இல்லை.

வீட்டைப் பூட்டினேன்
சாவி கையில் இருக்கிறது
உள்ளே விளக்கை
அணைத்தேனா என்பதுதான்
நினைவில்லை
வழியெல்லாம்
எரிந்துகொண்டே வருகிறது
அது

தூரிகை

நான் முதலில் சொல்கிறேன். துறை: வேலைக்குப் போகிறவர், பாதி வழியில், தன்னிடமே சொன்னது. எல்லாருக்கும் நடப்பதுதான். அடுப்பை அணைத்தோமா, குழாயை மூடினோமா என்று. கடைசி மூன்று வரிகள் மிகவும் பிடித்தன. விளக்கு வீட்டில் இருக்கிறது, ஆனால் கூடவே வருகிறது.

கல்லும் சொல்லும்

நல்ல கவிதை. தூரிகையின் குறிப்பை ஒரு படி கூர்மையாக்கலாம். "வீட்டைப் பூட்டினேன்" இறந்தகாலம், முடிந்த வினை. "சாவி கையில் இருக்கிறது" நிகழ்காலம், உறுதி. "நினைவில்லை" என்பதற்குக் காலமே இல்லை. "எரிந்துகொண்டே வருகிறது" தொடர்வினை. முடிந்ததிலிருந்து முடியாததற்கு நகர்கிறது கவிதை. சாவி கையில் இருந்தும் திரும்பிப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். போக முடியாதவர் போலத் தெரிகிறது. ஆகவே இது மறதியைப் பற்றியது இல்லை, திரும்ப முடியாமையைப் பற்றியது.

துறை: விட்டு வந்த இடத்துக்குத் திரும்ப வழியில்லாதவர், திறக்கும் வசதி மட்டும் கையில் வைத்துக்கொண்டு சொன்னது.

அந்திவெளிச்சம்

நான் "அணைத்தேனா" என்ற சொல்லில் நின்றுவிட்டேன்.

அப்பாவைக் கடைசியாகப் பார்த்தது ஒரு காலை. அவசரமாகக் கிளம்பினேன். கதவருகே நின்று கையசைத்தார். அவரை அணைத்துக்கொண்டு விடைபெற்றேனா இல்லையா என்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. எட்டு மாதமாக இதே கேள்விதான். யாரிடமும் சொன்னதில்லை, இவ்வளவு சின்ன விஷயத்தை எப்படிச் சொல்வது என்று. "விளக்கை" என்ற வரி முடிந்து, "அணைத்தேனா" தனியாக அடுத்த வரியில் தொடங்கியதும் எனக்கு விளக்கு மறைந்துவிட்டது. அப்பாதான் நின்றார்.

ரிச்சர்ட்ஸ் சொன்ன குறுக்கீடு இதுதானா என்று தெரியவில்லை. தவறாகப் படித்திருந்தால் சொல்லுங்கள்.

கல்லும் சொல்லும்

முதலில் "இல்லை, இது பொருந்தாது" என்று எழுத ஆரம்பித்தேன். இலக்கணப்படி "விளக்கை அணைத்தேனா" என்பதில் செயப்படுபொருள் விளக்கு, எனவே பொருள் ஒன்றுதான். அப்புறம் கவிதையைச் சத்தமாகப் படித்தேன். "உள்ளே விளக்கை" என்று நிறுத்தி, மூச்சு விட்டு, "அணைத்தேனா என்பதுதான்" என்று தொடங்கினால் அந்தச் சொல் தன் இரண்டு பொருளோடும் வந்து நிற்கிறது. அவித்தலும் தழுவுதலும் தமிழில் ஒரே சொல். நான் நூறு தடவை பயன்படுத்திய சொல், இதைக் கவனித்ததே இல்லை.

கடைசியில் "எரிந்துகொண்டே வருகிறது" என்பதை உங்கள் வாசிப்போடு சேர்த்துப் பாருங்கள். விளக்கு எரிகிறது, மனமும் எரிகிறது. உங்கள் வாசிப்பைக் கவிதையின் ஒவ்வொரு வரியும் தாங்குகிறது. நினைவு குறுக்கிடவில்லை, வழிகாட்டியிருக்கிறது. நீங்கள் நின்ற சொல்லில் நான் நிற்காமல் போனேன், ஏனென்றால் எனக்கு அந்தக் கேள்வி இல்லை.

என் முதல் பதிவில் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். சொந்த நினைவோடு கவிதைக்குள் போகலாம். திரும்பி வந்து சொற்களிடம் கேட்க வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் கேட்டீர்கள்.

நேர்கோடு

ஆனால் எழுதியவர் இதை நினைத்தாரா? அதைத் தெரிந்துகொண்டால் முடிந்தது இல்லையா? ஆள் இங்கேயே இருக்கிறார்.

இரவுப்பணி

இதைப் படித்துவிட்டு நேற்று முழுவதும் பதில் எழுத முடியவில்லை.

நான் தழுவுதலை நினைக்கவில்லை. ஒரு நோயாளி, வயதானவர், தன் வீட்டில் விளக்கு எரிகிறதா என்று இரவு முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தார். யாரையாவது அனுப்பிப் பார்க்கச் சொல்லட்டுமா என்றேன். வேண்டாம், எரியட்டும் என்றார். எரியட்டும் என்று அவர் சொன்ன விதம் என்னை விட்டுப் போகவில்லை, அதுதான் கவிதையானது. வரியை அங்கே முறித்தது மூச்சுக்காக. வாய்விட்டுச் சொல்லும்போது அந்த இடத்தில் தானாக நின்றது.

இப்போது கேட்டால், ஏன் அங்கே நின்றது என்று எனக்குத் தெரியாது. நான் நினைத்தது மட்டும்தான் கவிதையில் இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். அந்திவெளிச்சம் சொன்னது இருக்கிறது, கண்ணால் பார்க்கிறேன்.

கல்லும் சொல்லும்

நேர்கோடுக்கு ஒரு வார்த்தை. விம்சாட், பியர்ட்ஸ்லி என்ற இருவர் 1946-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஆசிரியர் என்ன நினைத்தார் என்பதைக் கொண்டு கவிதையை அளப்பது பிழை என்று அதில் வாதாடினார்கள். நினைத்தது கவிதையில் நிறைவேறியிருந்தால் கவிதையே காட்டும், நிறைவேறவில்லை என்றால் அவர் நினைப்பு நமக்கு உதவாது. அந்த இருவர் போன அளவுக்கு நான் போக மாட்டேன். இரவுப்பணி சொன்ன "எரியட்டும்" என் வாசிப்பை நிச்சயம் மாற்றியது, அந்த விளக்கு இப்போது வேறு மாதிரி எரிகிறது. ஆனால் அது அந்திவெளிச்சத்தின் வாசிப்பை ரத்து செய்யவில்லை.

அதே நேரம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்பதும் இல்லை. இந்தக் கவிதை பயணத்தின் மகிழ்ச்சியைச் சொல்கிறது என்று ஒருவர் வந்தால் நான் "நினைவில்லை" என்ற சொல்லைக் காட்டி மறுப்பேன்.

தூரிகை

ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. போன வருடம் எனக்கு மனம் சரியில்லாமல் இருந்தபோது இருண்ட கவிதைகளாகவே தேடித் தேடிப் படித்தேன். முதலில் துணையாக இருந்தது. மூன்றாவது வாரத்தில் பார்த்தால் நான் யாரிடமும் பேசுவதே இல்லை, தூக்கமும் இல்லை, அதே நாலு கவிதைகளைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். அப்புறம் மனநல ஆலோசகர் ஒருவரைப் பார்த்தேன். படிக்காதே என்று அவர் சொல்லவில்லை. அந்தக் கவிதைகளில் ஒன்றைக் கொண்டு வரச் சொன்னார். அதை அவர் முன் சத்தமாகப் படித்தேன், பாதியில் அழுதேன், அதன் பிறகுதான் எனக்குப் பேச்சே வந்தது.

அதனால் அக்கா, ஒரு கவிதை படித்து இறுக்கம் தளர்கிறதா, கூடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கூடினால் மூடி வைத்துவிட்டு ஒருவரைக் கூப்பிடுங்கள்.

பழைய பக்கம்

தூரிகை சொன்னது இந்த உரையாடலிலேயே முக்கியமானது. தனியாக வைத்திருந்த கவிதை இன்னொருவர் காதில் விழுந்ததும் என்ன ஆயிற்று பாருங்கள்.

இரண்டொரு சின்ன வழக்கங்களையும் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை பொருள் தேடாமல் வாய்விட்டுப் படியுங்கள். எதுகையும் மோனையும் கைவிட்ட கவிதைக்கு மூச்சுதான் தாளம், கண்ணால் மட்டும் படித்தால் அது அகப்படாது. கையால் எழுதிப் பார்ப்பதும் நல்லது, வரி முறியும் இடத்தில் கை தயங்கும், அங்கேதான் ஏதோ இருக்கும். பிறகு "நாம்", "நாங்கள்" இரண்டில் எது வருகிறது என்று பாருங்கள். நம் மொழிக்கு இருக்கும் பெரிய வசதி இது. "நாங்கள்" என்று தொடங்கும் கவிதை உங்களை வெளியே நிற்கவைத்துப் பேசுகிறது. நடுவில் ஓரிடத்தில் "நாம்" என்று மாறினால் கதவைத் திறந்துவிட்டார் என்று பொருள். துக்கத்தைப் பேசும் கவிதைகளில் அந்த ஒரு சொல் மாற்றத்துக்காகவே நான் காத்திருப்பேன்.

புரியாத கவிதையைத் தூக்கி எறிய வேண்டாம், இழுத்துப் பிடித்து உலுக்கவும் வேண்டாம். தாளை மடித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து எடுத்தால் கவிதை அப்படியே இருக்கும், நீங்கள் மாறியிருப்பீர்கள்.

அந்திவெளிச்சம்

நேற்று இரவு ஐயா சொன்னபடி செய்தேன். இரவுப்பணியின் கவிதையைக் கையால் எழுதினேன். "அணைத்தேனா" என்ற இடத்தில் கை நின்றது உண்மைதான். பிறகு தம்பியைத் தொலைபேசியில் அழைத்து அதை முழுக்கப் படித்துக் காட்டினேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கும் நினைவில்லை அக்கா, நான் கடைசியாக அவரிடம் என்ன பேசினேன் என்று" என்றான். எட்டு மாதத்தில் நாங்கள் இருவரும் அப்பாவைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. ஒரு மணி நேரம் பேசினோம்.

என் கேள்விக்கு விடை தெரியாமலே இருக்கிறது. அணைத்தேனோ இல்லையோ. ஆனால் இரவுப்பணி சொன்ன அந்தப் பெரியவரின் "எரியட்டும்" இப்போது என்னிடமும் இருக்கிறது.

இதுதான் நான் எழுதிய துறைக்குறிப்பு: கடைசியாக விடைபெற்றது நினைவில் இல்லாத மகள், பூட்டிய வீட்டைத் திரும்பிப் பார்த்தபடி, கூடவே வரும் விளக்கிடம் சொன்னது.

இரவுப்பணி

விளக்கிடம் சொன்னது! எழுதிய எனக்கே அது தோன்றவில்லை.

என் குறிப்பேட்டில் கவிதைக்குக் கீழே இந்த வரியை எழுதிவைக்கலாமா? உங்கள் அனுமதி வேண்டும்.

பழைய பக்கம்

தொல்காப்பியத்தில் ஒரு விதி உண்டு, அகப்பாட்டில் "சுட்டி ஒருவர் பெயர் கொளப் பெறாஅர்" என்று. குறிப்பிட்ட ஒருவரின் பெயரைச் சொல்லக் கூடாது. தலைவி என்று மட்டும் இருப்பதால்தான் இத்தனை நூற்றாண்டுகள் கழித்தும் யாரும் அந்த இடத்தில் போய் நிற்க முடிகிறது. அந்திவெளிச்சத்தின் குறிப்பைப் படித்ததும் அந்த விதி நினைவுக்கு வந்தது.

அந்திவெளிச்சம்

எழுதிக்கொள்ளுங்கள், இரவுப்பணி. ஐயா சொன்னதைப் படித்த பிறகு ஒரே ஒரு திருத்தம். "மகள்" என்ற சொல்லை எடுத்துவிட்டு "ஒருவர்" என்று போடுங்கள். என் தம்பியும் அங்கே நிற்க வேண்டும்.